துப்பாக்கிப் பேரலைக் கழற்றுவதற்கு முன் உடலைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அருமனைப் பக்கத்து வாசகர் ஒருவர், தம் தந்தை வழியில் வந்த .315 ரைபிள் லேத் பட்டறை ஒன்றில் பாழானதைப் பற்றி எழுதிய கடிதத்தை உங்கள் வாசகர் பகுதியில் படித்தேன். உரிமம் உள்ள துப்பாக்கி. பேரலின், அதாவது குழலின், உட்புறத்தைத் துரு தின்றுவிட்டது. மாற்றுப் பேரல் பொருத்தலாம் என்று எண்ணிப் பழையதைக் கழற்றக் கொடுத்திருக்கிறார். முதலில் பைப் ரெஞ்ச் போட்டார்கள். அதன் கைப்பிடியில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி இழுத்தார்கள். கடைசியில் கேஸ் தீயைக் காட்டினார்கள். பேரல் அசையவில்லை. இப்போது தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டும் முழுதாக மூட மறுக்கிறது. “கம்பெனியிலேயே இப்படி இறுக்கி அனுப்பினால் நாங்கள் என்ன செய்வது?” என்று பட்டறையில் கையை விரித்துவிட்டார்களாம்.

நான் இந்திய ராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் படைப்பிரிவான இ.எம்.இ.யில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவராகப் பணியாற்றியவன். படையை விட்டு வந்தபின் வெளியூரில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றின் பழுதுபார்ப்புப் பிரிவில் இருந்தேன். இப்போது மார்த்தாண்டத்தில் ஓய்வாக இருக்கிறேன். அந்த வாசகரின் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. பட்டறைக்காரர் கேட்ட கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்; பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறேன்.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை. அச்சட்டத்தின் 5-வது பிரிவு தயாரிப்பு, விற்பனை ஆகியவற்றுடன் பழுதுபார்ப்பையும் சேர்த்தே சொல்கிறது. துப்பாக்கியின் பாகங்களும் அச்சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடங்குபவை. ஆகவே கழற்றிய பழைய பேரலைப் பட்டறை மூலையில் போட்டு வைப்பதும், பழைய இரும்புக்காரரிடம் எடை போடுவதும் விளையாட்டான காரியங்கள் அல்ல. துப்பாக்கி உரிமையாளர் தம் உரிமத்தைக் காட்டிவிட்டதாலேயே லேத் பட்டறைக்காரருக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. நம் மாவட்டத்து லேத் பட்டறைத் தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எவ்வளவு வேண்டியவர் கொண்டுவந்தாலும், இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொன்னாலும், துப்பாக்கியை வாங்கி மேசைமேல் வைக்காதீர்கள். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் அனுப்பிவிடுங்கள்.

இனி இறுக்கத்தைப் பற்றி. இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையிலிருந்து வந்த .315 ரைபிள், பழைய லீ-என்ஃபீல்டு அமைப்பைக் கொண்டது. .303 தோட்டா ராணுவத்துக்குரியது என்று பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால், அதே அமைப்பில் 8 மில்லிமீட்டர் குழல் வைத்துப் பொதுமக்களுக்காகச் செய்த துப்பாக்கி இது. பேரலின் பின்முனையில் வலப்பக்க மரை. மரை முடியும் இடத்தில் தோள் எனப்படும் பருத்த விளிம்பு. பேரல் திருகி நிற்கும், போல்ட் ஓடும் எஃகுப் பகுதிதான் உடல். மரை முழுவதும் அந்த உடலுக்குள் போனதும் தோள் உடலின் முன்முகத்தில் போய் முட்டும். கையால் திருகி முட்டிய நிலையிலேயே பேரல் நேராக வந்து நின்றுவிடாது. குறிபார்க்கும் முள் உச்சிக்கு வருவதற்குச் சில பாகை மீதமிருக்கும்படிதான் தோளைக் கடைந்திருப்பார்கள். அந்தச் சில பாகையை நீண்ட சாவி (ஸ்பானர்) போட்டு இழுத்து முடிப்பார்கள். அப்போது மரைப் பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது, தோள் அமுங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. சுடும்போது பேரல் தளராமல் இருப்பதற்குத்தான் இத்தனையும். கம்பெனி செய்தது குற்றமில்லை. அப்படித்தான் செய்தாக வேண்டும்.

மரை போட்ட எந்த இணைப்பிலும் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறையப் பாதி, தோள் உரசும் இடத்திலேயே செலவாகிவிடுகிறது. பத்தில் நான்கு பங்கு மரைகளின் உராய்வுக்குப் போகிறது. பத்தில் ஒரு பங்குதான் உண்மையான இழுவிசையாக உள்ளே தங்குகிறது. இது எந்த இயந்திரப் பொறியியல் மாணவரும் படிக்கும் கணக்கு. அவிழ்க்கும்போதும் நாம் மல்லுக்கு நிற்பது பெரும்பாலும் உராய்வோடுதான். அதன்மேல் வருடக்கணக்கான துரு, காய்ந்து பிசினாகிப்போன எண்ணெய், சில தொழிற்சாலைகள் மரையில் தடவி அனுப்பும் ஒட்டுப்பசை எல்லாம் சேரும்போது, போட்ட முறுக்கைவிடப் பல மடங்கு கொடுத்தால்தான் அசையும்.

நம் ஊரில் இது இன்னும் கடுமை. தென்மேற்குப் பருவமழையும் நனைக்கிறது, வடகிழக்குப் பருவமழையும் நனைக்கிறது. குளச்சலிலும் முட்டத்திலும் கடலிலிருந்து வரும் காற்று வீட்டுக்குள் இருக்கும் பூட்டையே தின்கிறது. துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கும் பழக்கம் இங்கே பலரிடம் உண்டு. அது சிக்கு ஏறியபின் அதிலிருந்து வரும் அமிலமே இரும்பைக் கெடுக்கும். துணியில் சுற்றி வைத்தால் அந்தத் துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கியவர்கள், அன்றைக்கே பிரித்துத் துடைக்காமல் அப்படியே அலமாரியில் வைத்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். பழைய தோட்டாக்களின் அடியில், வெடிமருந்தைப் பற்றவைக்கும் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகக் குழலுக்குள் படிகிறது. அந்த உப்பு எண்ணெயில் கரையாது; நீரில்தான் கரையும், கொதிக்கும் நீரை ஊற்றிக் கழுவுவது நல்லது. படையில் .303 வைத்திருந்த காலத்துச் சிப்பாய்கள் குழலுக்குக் கொதிநீர் ஊற்றியது இதற்காகத்தான். வெறும் எண்ணெய்த் துணியை விட்டு இழுத்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று வைத்த துப்பாக்கிகளின் பேரல்கள்தான் பின்னால் மாற்ற வேண்டிய நிலைக்கு வருகின்றன.

சரி, எப்படிக் கழற்றுவது? உரிமம் பெற்று இத்தொழிலில் இருப்பவர்களுக்கும், தங்கள் துப்பாக்கியை அவர்களிடம் கொடுக்கப் போகிறவர்களுக்கும் இது பயன்படும்.

பேரலைத் திருகுவது கடைசி வேலை. அதற்கு முன் இரண்டு பிடிகள் சரியாக அமைய வேண்டும்: பேரலின் பிடி, உடலின் பிடி. நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை உடலைப் பிடித்த விதத்தால் வந்தவை. துப்பாக்கி என்பது அதன் உடல்தான். போல்ட் பூட்டிக்கொள்ளும் இடம் அதில் இருக்கிறது. சுடும்போது எழும் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது அது. பேரல் போனால் வேறு பேரல் வாங்கலாம். உடல் முறுகிவிட்டால் அந்தத் துப்பாக்கி முடிந்தது. ஏதாவது ஒன்றைப் பலி கொடுத்தே தீர வேண்டும் என்றால் பேரலைக் கொடுத்துவிட்டு உடலைக் காப்பாற்ற வேண்டும். அருமனை வாசகரின் துப்பாக்கியில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. எப்படியும் வீசப்போகும் துருப்பிடித்த பேரலுக்காக நல்ல உடலைக் கெடுத்திருக்கிறார்கள்.

லீ-என்ஃபீல்டின் உடலைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்னால் மரை இருக்கும் வளையப் பகுதி கனமானது. அதற்குப் பின்னால் மேலே தோட்டா போடும் திறப்பு, கீழே மேகசின் திறப்பு. இடையில் இரண்டு மெலிந்த பக்கச் சுவர்கள் மட்டுமே. போல்ட் பூட்டிக்கொள்ளும் இடமோ இந்தச் சுவர்களுக்கும் பின்னால் இருக்கிறது. உடலின் பின்பகுதியைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருக்கும் பேரலைத் திருப்பினால் முறுக்கு முழுவதும் அந்த மெலிந்த சுவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். சுவர் மயிரிழை முறுகினாலும் போதும். போல்ட்டின் இரண்டு பூட்டுகளும் சமமாக உட்காரா. ஒரு பக்கம் மட்டும் சுமை தாங்கும். அதன்பின் அந்தத் துப்பாக்கியைச் சுடுவது சுடுபவரின் கண்ணுக்கும் கன்னத்துக்கும் ஆபத்து. ஆகவே சாவி, மரை இருக்கும் முன்வளையத்தை மட்டுமே பிடிக்க வேண்டும். அந்த வளையத்தின் வடிவத்துக்கு ஏற்பக் கடைந்து எடுத்த, இரண்டு பாதியாகச் சேர்ந்து நாலாபுறமும் முழுப்பரப்பில் அணைத்துப் பிடிக்கும் சாவி வேண்டும்.

பைப் ரெஞ்ச் ஏன் கூடாது? அதன் பல் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கடிக்கிறது. இழுக்க இழுக்க இன்னும் நெரிக்கிறது. நெரிபடும் வளையம் வட்டம் மாறி நீள்வட்டமாகிறது. அப்போது உள்ளே இருக்கும் மரை பேரலை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. கழற்றுவதற்காகப் போட்ட கருவியே கழலாமல் செய்துவிடுகிறது. கைப்பிடியில் குழாய் செருகி நீளத்தைக் கூட்டினால் நெரிப்பும் கூடும். அந்தப் பட்டறையில் இதுதான் நடந்திருக்க வேண்டும்.

இனி பேரலின் பிடி. பேரல் நுனியை நோக்கிச் சரிவாக மெலிந்துகொண்டே போகும் உருண்டை. சாதாரண பெஞ்ச் வைஸின் தட்டையான தாடை அதைப் பிடிக்காது, வழுக்கிக் கீறும். தேக்கு போன்ற உறுதியான மரத்திலோ அலுமினியத்திலோ இரண்டு கட்டைகள் எடுத்து, பேரலின் அதே சரிவுக்குத் துளைத்து, நடுவே பிளந்து, அந்த இரண்டு பாதிகளுக்கும் இடையில் பேரலை வைத்துக் கனத்த நட்டு போல்ட்டுகளால் நெருக்க வேண்டும். பேரலிலும் கட்டையிலும் ஒட்டியிருக்கும் எண்ணெயை முதலில் சுத்தமாகத் துடைத்துவிட்டு ரோசின் பொடியைத் தூவ வேண்டும். வயலின் வில்லுக்குத் தேய்க்கிறார்களே, அதே ரோசின்தான். வைஸ் சிமெண்டுத் தரையோடு பிணைத்த மேசையில் இருக்க வேண்டும். மேசை ஆடினால் கொடுக்கும் அடியில் பாதி மேசைக்குப் போய்விடும். பேரல் கட்டைக்குள் சுழல ஆரம்பித்தால் உடனே நிறுத்த வேண்டும். அது பிடியின் குறை. அப்போது கைப்பிடியை நீட்டுவதால் பயனில்லை. கட்டையை மறுபடி பொருத்த வேண்டும்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை சில. தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வது, போல்ட், மேகசின், மரப்பாகம், விசை அமைப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. பேரலுக்கும் உடலுக்கும் குறுக்கே மெல்லிய அடையாளக் கோடு ஒன்று கீறி வைப்பது. எத்தனை பாகை நகர்ந்தது என்பதை அந்தக் கோடு சொல்லும். நகர்ந்தது பேரலா, சாவியா என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும். குறுக்கு ஆணி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். பல .22 ரைபிள்களில் பேரலுக்கு மரையே கிடையாது. அழுத்திச் செருகிக் குறுக்கே ஆணி அடித்திருப்பார்கள். அதைத் திருகிக்கொண்டே இருப்பவர் உடலை உடைத்துவிடுவார். அமெரிக்கச் சாவேஜ் ரைபிள்கள் பலவற்றில் பேரலைப் பூட்டுவதற்கென்றே தனி நட் இருக்கிறது. அதைத் தளர்த்தினால் பேரல் கையோடு வந்துவிடும். ரெமிங்டன் 700 வகையில் பேரலின் தோளுக்கும் உடலுக்கும் நடுவே பின்னுதைப்பைத் தாங்கும் தகடு ஒன்று நிற்கிறது. தோள் அந்தத் தகட்டில்தான் முட்டும். ஒவ்வொரு துப்பாக்கியிலும் எது எங்கே முட்டுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் கருவியைக் கையில் எடுக்கக்கூடாது.

பிறகு எண்ணெய். துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை வெளியே தோள் விளிம்பிலும், உள்ளே போல்ட் போகும் வழியாகப் பேரலின் பின்முனையிலும் விட்டு நாள்கணக்கில் ஊற வைக்க வேண்டும். தோள் இறுக முட்டியிருப்பதால் வெளியிலிருந்து எண்ணெய் எளிதில் இறங்காது. உள்ளிருந்து விடுவதுதான் மரையை எட்டும். படையில் என் மூத்த ஆர்மரர்கள், “எண்ணெய்க்கு நேரம் கொடு, கைக்கு வேலை குறையும்” என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவசரக்காரருக்கு இந்த வேலை ஆகாது.

எண்ணெய் ஊறியபின் இழுப்பதா, அடிப்பதா? நீண்ட கைப்பிடியை இருவர் தொங்கி மெதுவாக இழுத்தால் சாவியும் பேரலும் வளைந்து கொடுத்து அந்த விசையை வாங்கிக்கொள்ளும். உராய்வு உடைவதற்கு ஒரே கணத்தில் கூர்மையாக விழும் அடி வேண்டும். கைப்பிடியை நுனியில் இறுக்கமாகத் தாங்கி, கனத்த சுத்தியலால் ஒரே அடி. கழன்றால் “டக்” என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவருக்கு மறக்காது. அதன்பின் பேரல் கையாலேயே சுழன்று வரும்.

தீயைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் பட்டறைகள் கண்ணை மூடிக்கொண்டு இறங்குகின்றன. மரையில் ஒட்டுப்பசை இருந்தால் சூடு உதவும். கடினவகைப் பசைகள் ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் அளவில் தளர்கின்றன. அந்தச் சூட்டை வெப்பக்காற்றுக் கருவியால் பதமாகக் கொடுக்கலாம். கேஸ் வெல்டிங் தீயோ கண் இமைப்பதற்குள் எங்கேயோ போய்விடும். துப்பாக்கியின் உடல் பதமேற்றிய எஃகு. அளவு மீறிச் சுட்டால் அந்தப் பதம் இறங்கிவிடும். பட்டறைக்காரர்கள் எஃகின் நிறத்தைப் பார்த்துச் சூட்டைக் கணிப்பார்கள்: வைக்கோல் மஞ்சள், பிறகு ஊதா, பிறகு 300 பாகையை ஒட்டி நீலம். துப்பாக்கியில் இந்தக் கணிப்பு வேலை செய்யாது. அதன் மேற்பரப்பே நீலமேற்றிக் கறுத்திருப்பதால் நிறமாற்றம் கண்ணுக்குத் தெரியாது. குறிப்பிட்ட சூட்டில் உருகும் அளவுக்குச்சியைத் தேய்த்துத்தான் கணிக்க வேண்டும். ஈயப் பற்றில் நிற்கும் முன்முள் அதற்கும் முன்பாகவே, 200 பாகையை எட்டுவதற்குள் கழன்று விழும். தீக்குள் வைத்துக் கெடுத்த உடலை வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும்; சுடும்போதுதான் தெரியும். அருமனை வாசகருக்கு என் கைகூப்பிய வேண்டுகோள்: அந்தத் துப்பாக்கியை யார் சரிசெய்து தருவதாகச் சொன்னாலும் இனிச் சுடாதீர்கள். தந்தையின் நினைவாக வைத்துக்கொள்ள விரும்பினால், அதைச் செயலிழக்கச் செய்து வைத்திருப்பதற்கான வழிமுறையை உரிமம் வழங்கும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெயும் அடியும் சூடும் தோற்றுப்போனாலும் வழி இருக்கிறது. லேத் தெரிந்த தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். இதே முறை எத்தனையோ இறுகிய இணைப்புகளுக்கு உதவும். பேரலைப் பலி கொடுப்பதென்று முடிவான பின், தோளை ஒட்டிப் பேரலில் மட்டும் ஒரு குறுகிய பள்ளத்தை லேத்தில் வெட்டுவது. உடலின் முகத்தை முட்டிக்கொண்டிருக்கும் தோளுக்குப் பின்னால் அதைத் தாங்கிப் பிடிக்க உலோகம் இல்லாமல் போனதும் இழுவிசை தளர்ந்துவிடுகிறது. நான் முன்னே சொன்ன உராய்வில் தோளின் பங்கான பாதி ஒரேயடியாகப் போய்விடும். இழுவிசை தளர்வதால் மரையின் பங்கும் குறையும். அதற்குமுன் அசையாமல் நின்ற பேரல் சாதாரண முறுக்குக்கே வந்துவிடுவதைப் பார்க்கலாம். வெட்டு, மரையின் அடிவிட்டத்துக்குக் கீழே ஆழமாகப் போகக்கூடாது. போனால் மரைத்துண்டு உள்ளேயே முறிந்து நின்றுவிடும். மாசர் 98 வகையில் இந்த வெட்டை நம்பிப் பயனில்லை. அதில் பேரலின் பின்முகம் உடலுக்குள் இருக்கும் ஒரு வளையத்தில் போய் முட்டுகிறது. இறுக்கம் உள்ளேதான் இருக்கிறது. வெளியே வெட்டுவதால் நல்ல பேரல் கெடுமே தவிர இறுக்கம் தளராது. மாசருக்கு எண்ணெயும் பொறுமையும் நல்ல சாவியும்தான் மருந்து.

பேரல் கழன்றுவிட்டது, புதியது போட்டாகிவிட்டது என்பதோடு வேலை முடியவில்லை. மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் இடையே இருக்கும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அதற்கான அளவுகோல் (கேஜ்) போட்டுப் பார்க்க வேண்டும். .303-க்கு அந்த இடைவெளி 0.064 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 0.074 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. கூடினால் சுடும்போது தோட்டாக்கூடு கிழிந்து சூடான வாயு பின்னோக்கி முகத்தில் அடிக்கும். இந்த அளவுகோல்கள் இல்லாதவர் பேரலைத் தொடவே கூடாது. துப்பாக்கியைக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: உங்கள் பழுதுபார்ப்பு உரிமத்தைப் பார்க்கலாமா? உடலை எங்கே, எதனால் பிடிப்பீர்கள்? இடைவெளி அளவுகோல் இருக்கிறதா? பழைய பேரலை என் கணக்கில் எழுதித் திருப்பித் தருவீர்களா? இவற்றுக்குத் தடுமாறுபவரிடம் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் துப்பாக்கிக்காக மட்டும் நான் சொல்லவில்லை. உரிமம் உள்ள துப்பாக்கிகள் நம் மாவட்டத்தில் கொஞ்சம்தான் இருக்கும். இறுகிய மரைகளோ ஊரெங்கும் இருக்கின்றன. சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் விசைப்படகுகளின் காற்றாடித் தண்டில் உப்புநீரில் ஊறிப்போன நட்டுகளைக் கழற்ற என்ன பாடுபடுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அங்கும் பைப் ரெஞ்ச், குழாய், கேஸ் தீ. வெண்கலக் காற்றாடியும் தண்டும் கெட்டுப்போனால் படகுக்காரருக்கு எத்தனை நாள் தொழில் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். திருவட்டாறு, குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் உருளைகளில் துருப்பிடித்து இறுகிய புஷ்களுக்கும் இதே கதி. துப்பாக்கிப் பேரலை உடல் கெடாமல் கழற்றத் தெரிந்த கை, இவற்றையெல்லாம் சேதமில்லாமல் கழற்றிவிடும். முழுப்பரப்பில் பிடிக்கும் கட்டை, எண்ணெய்க்குக் கொடுக்கும் நேரம், அளந்து கொடுக்கும் சூடு, ஒரே கூர்மையான அடி, தோளைத் தளர்த்தும் வெட்டு என எல்லாமே அங்கும் அப்படியே பொருந்தும்.

உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர் மன்னருக்காகப் பீரங்கி வார்த்த மண் இது. 1741-இல் குளச்சலில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லன்னாய் அந்த மன்னரின் படைத்தளபதியாகி, அதே கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். புலியூர்க்குறிச்சி வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம், உலோகத்தைப் பதம் பார்த்து வேலை செய்தவர்களின் ஊர் இது என்று எனக்குத் தோன்றும். இந்த மாவட்டத்திலிருந்து எத்தனையோ பேர் படைக்குப் போய், ஆர்மரராகவும் பிட்டராகவும் வாகன மெக்கானிக்காகவும் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள். விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் அப்படிப்பட்டவர்கள் இல்லாத கிராமம் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் வங்கிக் காவலாளியாக இருக்கிறார்கள், அல்லது வீட்டில் இருக்கிறார்கள். அவர்களின் கையில் இருக்கும் வித்தையை யாரும் கேட்பதில்லை.

எனவே உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர், டர்னர் பிரிவுகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு, இறுகிய மரை இணைப்புகளைச் சேதமில்லாமல் கழற்றுவதைத் தனிப் பயிற்சியாகக் கற்பிக்க நிர்வாகம் இடம் தர வேண்டும். துப்பாக்கி ஒன்றும் வேண்டாம். சட்டச் சிக்கலுக்கும் வழியில்லை. படகின் பழைய தண்டுகள், பம்ப் செட்டின் துருப்பிடித்த இணைப்புகள், உருளைகள் என்று பழைய இரும்புக்கடையில் கிடைப்பவை போதும். சரிவான கட்டைகளைத் துளைப்பது, பிடிக்கும் சாவியை வடிவத்துக்கு ஏற்பச் செய்வது, பள்ளம் வெட்டுவது ஆகியவற்றைப் பிள்ளைகள் தங்கள் லேத்திலேயே செய்து பழகலாம். கற்பிக்க நான் வருகிறேன், கூலி வேண்டாம். என்னோடு பணியாற்றிய இன்னும் சிலர் தக்கலையிலும் கருங்கல்லிலும் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள்.

முன்னாள் படைவீரர் நலத் துறையும் இதில் கொஞ்சம் முன்வர வேண்டும். ஊர் திரும்பியவர்களில் யார் யாருக்கு என்ன கைத்தொழில் தெரியும் என்று கேட்டு ஒரு பட்டியல் எடுத்துவைத்தால், தொழிற்பயிற்சி நிலையமும் துறைமுகப் பட்டறைகளும் தேவைப்படும்போது அழைக்கலாம். அவர்களில் விருப்பமும் தகுதியும் உள்ளவர்கள் துப்பாக்கிப் பழுதுபார்ப்புக்கான உரிமத்துக்கு முறைப்படி விண்ணப்பிக்கவும் மாவட்ட நிர்வாகம் வழிகாட்டலாம். உரிமம் பெற்றவர் ஒருவர் பக்கத்திலேயே இருந்தால் யாரும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போக மாட்டார்கள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் லேத் பட்டறைக்காரர்கள் யாருக்காவது இறுகிய தண்டு, நட்டு, உருளை எதிலாவது சிக்கல் இருந்தால் உங்கள் அலுவலகம் வழியாக என்னைக் கேட்கலாம். கேஸ் தீயைப் பற்றவைப்பதற்கு முன்பாகவே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ ஆர்மரர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.